வேர் பிடித்த தூண்கள்ளி

எண்ணூர்,
1929 டிசம்பர் 4.

அன்புள்ள தேவகிருபைக்கு,

கர்த்தர் தயவால் நான் சுகம். அம்மாவின் மூச்சிரைப்பு தணிந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. துரை கப்பலில் வரவழைத்த தூண்கள்ளி ஒன்று இந்தப் பங்களாத் தோட்டத்தில் என் பொறுப்பில் இருக்கிறது. ஆள் உயரம். இலை கிடையாது, நம் ஊர்க் கள்ளிபோல வெட்டினால் பாலும் வராது. உடம்பிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பதால் மழை அதற்கு ஆகாது. ஐப்பசி மழையில் அடி அழுகிக் காற்றில் சாய்ந்தது. தாங்கப் போய், வலது கையெல்லாம் முள். களையெடுக்கும் கெங்கம்மாதான் பிடுங்கிவிட்டாள். சில இடம் பழுத்து, புண் இன்னும் ஆறவில்லை.

"இன்னா அண்ணாத்தே, கட்டிப் புடிக்க வேற ஆளே கெடைக்கலியா?" என்று சிரித்தாள்.

எனக்கு உன் நினைவு வந்தது.

செடி செத்தால் என்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவதாகத் துரை சொன்னார். அழுகலை அறுத்தெறிந்து, வெட்டிய இடம் காயும்வரை மீதியை வராந்தாவில் கிடத்தினேன். பிறகு மணலும் செங்கல் தூளும் கலந்து நட்டு, தண்ணீர் காட்டாமல் காத்திருந்தேன். இன்று காலை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது.

துரைக்குச் சந்தோஷம். வேறு யாரையும் நம்பி அதை விடமுடியாதாம். கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார். சாகவிட்டிருந்தால் பண்டிகைக்கு உன்னோடு இருந்திருப்பேன். அதற்குப் பிறகு என்ன சாப்பிடுவோம்?

முள் விஷயம் அம்மாவுக்குத் தெரியவேண்டாம். கொஞ்சம் கருப்பட்டி அனுப்பு. கையில் சுற்ற இங்கே கிடைக்கும் துணி முரடாக இருக்கிறது. நீ உடுத்திப் பழசான சேலையில் ஒரு துண்டு கிழித்து அதோடு வைத்து அனுப்பு. துவைக்க வேண்டாம். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன்
ராசையா