லட்டுக்கு ஓர் ஆஸ்பிரின்

மாஸ்டர்,

இன்று காலை பால் வாங்கிவிட்டு வரும்போது, தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் மிட்டாய்க் கடையில் பாகு காய்ந்துகொண்டிருந்தது. ஏலக்காய் இன்னும் விழவில்லை, வெறும் சர்க்கரைப் பாகின் மணம்தான். பால் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டியதுகூட உறைக்கவில்லை. உங்களோடு பேசி எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் நம் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் உங்கள் மிட்டாய்க் கடை அடுப்பு. இந்தப் பக்கம் டாக்டரிடம் நான் கம்பவுண்டர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் நீங்கள், குறும்பில் மட்டும் பத்து வயது இளையவர். பாகை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பீர்கள். பார்த்த விரல் நேரே வாய்க்குப் போகும். அதை ஒருநாளும் துணியில் துடைத்து நான் கண்டதில்லை.

நெஞ்சுவலி என்று வந்தபோதுதான் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் அரை ஆஸ்பிரினும் டாக்டர் எழுதினார். பொட்டலம் மடித்துக் கொடுத்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இது ரத்தத்தை இளக்கமாக வைக்கும் மாஸ்டர் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

மிட்டாய் போடுகிறவருக்கு அந்த ஒரு சொல் போதாதா? இனிப்பு தின்றால் ரத்தம் பாகாகக் கெட்டிப்படும், மாத்திரை போட்டால் இளகிவிடும் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட்டீர்கள். எனக்குத் தெரியாமல் பெட்டிக்கடையில் ஆஸ்பிரின் வாங்கி வைத்துக்கொண்டு, லட்டுக்கு ஒன்று, ஜாங்கிரிக்கு ஒன்று என்று விழுங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சவரக் கத்தி கன்னத்தில் பட்டு ரத்தம் நிற்காமல், துண்டை அழுத்திப் பிடித்தபடி வந்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா கம்பவுண்டரே, தண்ணியா ஓடுது. பாகு முத்திப்போனா இன்னா பண்றோம்? தண்ணி தெளிக்கிறோம். அதத்தான் நானும் பண்ணிக்கினு கீறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். நீலக் கரைசலில் சொட்டுவிட்டுக் காய்ச்சினேன். நீலம் மாறாமல் இருந்தால் நல்லது. அதுவோ பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டிச் செங்கல் நிறத்தில் போய் நின்றது. நீங்கள் எட்டிப் பார்த்து, நம்ம ஜாங்கிரி கலரு என்றீர்கள். ரத்தம் இளகினால் சர்க்கரை குறைந்துவிடாது, இப்படியே போனால் கல்யாணப் பந்தலில் பெண்ணின் அப்பா இருக்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். மடியில் இருந்த ஆஸ்பிரினை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள்.

ஆனாலும் ஒரே மகள் கல்யாணத்துக்கு வேறொருவன் கரண்டி பிடிப்பதா என்று பிடிவாதம். ருசி பார்க்காமல் எப்படி லட்டு பிடிப்பது என்று கவலை வேறு. தீர்ப்புச் சொன்னவர் உங்கள் மனைவிதான்.

"கம்பவுண்டரு வாயாலதான இத்தினி பேஜாரும் வந்துச்சி. அவுரு வாயே ருசி பாக்கட்டும்."

மாப்பிள்ளை ஊரான ஆர்.கே.பேட்டைக் கல்யாண வீட்டில் இரண்டு நாள் உங்களுக்கு நான் நாக்காக இருந்தேன். விரல் துடைக்க உங்கள் தோளில் ஒரு துண்டு. பூந்தியை மென்றுகொண்டே நான் சொல்ல வந்தால், பேசாத, மூஞ்சியக் காட்டு என்று அடக்குவீர்கள். என் புருவத்தைப் பார்த்தே சர்க்கரை தூக்கலா, ஏலக்காய் போதாதா என்று கண்டுகொண்டீர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் கூட்டாளிகள் லட்டை மூன்று தடவை கேட்டு வாங்கினார்கள். தாலி கட்டும்போது நீங்கள் முன்னால் நின்று அட்சதை போட்டீர்கள். என் கை அட்சதையில் பாதியை நான் உங்கள் தலையில் போட்டேன்.

மறுமாதம் சோதனைக் குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. டாக்டர் உள்ளே இருப்பதையும் மறந்து விசிலடித்தேன். அப்புறம் எத்தனை முகூர்த்தம், எத்தனை அண்டா லட்டு! பேரன் பேத்தியைத் தோளில் தூக்கித் திரிகிற வரைக்கும் இருந்தீர்கள். அத்தனை வருஷமும் ருசி பார்த்தவன் நான்தான்.

போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். இதயக் குழாயில் லேசான அடைப்பும் இருக்கிறதாம், அதற்குச் சின்ன ஆஸ்பிரின். அந்த இளம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சர்க்கரைக்காரர்களின் ரத்தத்தில் ஒட்டி உறையவைக்கும் தட்டணுக்கள் சீக்கிரம் சீக்கிரமாகப் புதிதாகப் பிறக்குமாம். அதனால் சிலருக்கு இந்த மாத்திரையின் வேலை நாள் முழுக்க நீடிப்பதில்லையாம். சர்க்கரையை அடக்கினால்தான் மாத்திரைக்கும் மரியாதை என்றார். லட்டுக்கு ஒன்று என்று விழுங்கிய நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நான் சத்தம் போட்டே சிரித்திருப்பேன்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு இல்லை. அம்மாவுக்கும் இல்லை.

"இருந்துச்சும்மா, எங்க அண்ணனுக்கு" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார்.