ஒற்றைக் கையால் கதைத்தல்

ஜூலை 3, வியாழன்

கச்சான் காற்று. வீடெல்லாம் மண். கிளினிக் நாள்.

இடக்கையால் எழுதிப் பழகட்டாம், பிசியோ மிஸ். எழுதுகிறேன். கோழி கிண்டினமாதிரி.

வலக்கை: தோள் கொஞ்சம் ஏறுகிறது. முழங்கை மடிகிறது. விரல்கள் மூடியபடி. மிஸ் ஒவ்வொன்றாக விரித்துவிட்டா. அவ கையை எடுத்ததும் திரும்பச் சுருண்டன.

"மூடுறது வரும் அக்கா. திறக்கிறதுதான் கஷ்டம்."

பாரிசவாதம் வந்த கிழமை பெரிய டொக்டர் சொன்னது ஞாபகம். "பேச்சு தப்பிட்டுது, நீங்கள் அதிர்ஷ்டசாலி." யாரோடு பேச? என் மனுசனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. கலியாணம் கட்டின நாள் முதல் நாங்கள் கைகளால்தான் கதைத்தோம். பாதி அவர் பள்ளிக்கூடத்தில் படித்த சைகை. பாதி நாங்களே குசினியில் சமைக்கச் சமைக்க உண்டாக்கினது, வேறு ஒருவருக்கும் விளங்காது. என் வாயசைவில் சோறு, தண்ணீர் மட்டும் பிடிப்பார்.

ஜூலை 5, சனி

துவாயை மேசையில் தள்ளும் பயிற்சி. பிறகு கோப்பை. பிடித்தேன். விட ஏலவில்லை. இடக்கையால் விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

அடுப்புக் காஸ் முடியப் போகிறது. சொல்ல வேண்டும்.

மத்தியானம் அவர் ஐஸ் ஃபக்டறியிலிருந்து வந்தார். உடுப்பெல்லாம் ஈரம். சாப்பிட முதலே கதை. துறைமுகத்தில், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று மீன்பிடிப் போட்டுக்குள் ஏறி நின்றுவிட்டதாம். இறக்க ஆட்கள் பட்ட பாடு, ஒருவன் தண்ணீரில் விழுந்தது, மான் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றது. கைகள் பறந்தன. சிரித்தேன்.

விழுந்தது யார் என்று கேட்க ஆசை. எங்கள் 'யார்' இரண்டு கையால் சொல்வது. இடக்கையால் மட்டும் முயன்றேன். உற்றுப் பார்த்தார். எழும்பிப் போய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

குடித்தேன்.

ஜூலை 10, வியாழன்

கிளினிக். பிந்திப் போனோம், ஓட்டோ கிடைக்கவில்லை.

மிஸ் மேசையில் ஒரு கண்ணாடியை நிறுத்தினா. வலக்கை அதன் பின்னால். இடக்கையை அசைத்தால், கண்ணாடிக்குள் வலக்கை அசைகிறமாதிரி இருக்கும். மூளையை ஏமாற்றுகிற வேலையாம்.

"விரிச்சு மூடுங்கோ அக்கா."

விரித்தேன். மூடினேன். மிஸ் பக்கத்து ஆளிடம் போனதும், 'வீடு' என்று கையால் சொன்னேன். கண்ணாடியில் இரண்டு கையும் கூரைபோலச் சாய்ந்து நின்றன. 'கோபமா?' என்றேன். 'பொய்.' 'இங்கே வா.' எல்லாம் இருந்தது, ஒன்றும் போகவில்லை.

மிஸ் திரும்பி வந்து முகத்தைப் பார்த்தா. "என்னக்கா, நோகுதோ?"

"ஓம்."

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மச்சாள் ரெஜினா, அவருடைய தங்கச்சி, வந்து தலை பின்னிவிட்டா. வலிக்க வலிக்க இறுக்கி.

பிறகு படலையடியில் நின்று போனில் யாரிடமோ: "கை வராது போலதான் கிடக்கு. அண்ணன்தான் பாவம். வீட்டில கதைக்க ஆளில்லை இப்ப."

கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொன்னா.

பின்னேரம் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு. காது கேளாத கூட்டாளிகள் அங்கேதான் கூடுவார்கள். முந்தி வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவார். இப்போது அப்படி இல்லை. போகட்டும். பத்து விரலும் ஓடுகிற ஆட்கள்.

முட்டை ஒன்று உரிக்கப் பார்த்தேன். நசிந்துபோனது. அப்படியே தின்றேன், கோதோடு.

ஜூலை 17, வியாழன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். ரெஜினாவும் கூட வந்தா, உள்ளே இருந்தா. அவர் வெளியே வாங்கில் குந்தியிருந்தார்.

மிஸ் விரல்களை நெடுநேரம் பார்த்தா. "இனிக் கிழமைக்குக் கிழமை வரத் தேவையில்லை அக்கா. வீட்டில செய்யுங்கோ. இடைக்கிடை வந்து காட்டினால் காணும்."

"விரல் திறக்குமோ மிஸ்?"

"தோள் நல்லா வந்திருக்கு." பிறகு, கையை விடாமலே, "விரலைப் பெரிசா எதிர்பார்க்காதீங்கோ. நான் பொய் சொல்ல விரும்பேல்லை."

வெளியே வந்தேன். 'என்ன சொன்னா?' என்று அவர். சொல்ல எவ்வளவோ இருந்தது. இடக்கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். நல்லது.

முகம் மலர்ந்தது. வழியில் இறங்கி இறால் வாங்கினார். ஓட்டோவில் என் வலக்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ரெஜினா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தா.

ஜூலை 19, சனி

நேற்று ரெஜினா சொல்லிவிட்டா. அவவுக்கும் கொஞ்சம் சைகை தெரியும். நான் அறைக்குள் இருந்து பார்த்தேன். அண்ணனுக்கு முன்னால் கையை மூடிக் காட்டினா. பிறகு இல்லை என்று தலையாட்டினா. இரவு அவர் சாப்பிடவில்லை.

இன்று வேலைக்குப் போகவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையை என் முன்னால் இழுத்துப் போட்டு இருந்தார். தன் வலக்கையைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார். இடக்கையால் கதைக்கத் தொடங்கினார்.

விளங்கவில்லை. திரும்பச் செய்தார். விரல்கள் தடுமாறின. தேத்தண்ணியோ? இல்லை. என் பெயரோ? இல்லை.

பிறகுதான் உறைத்தது. நான் இரண்டு கைப் பேச்சுக்குத் திரும்பி வரமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டார். தானும் ஒற்றைக் கையோடு என் கூட வந்து இருக்கப் பார்க்கிறார். ஆத்திரம் வந்தது. "வேண்டாம்!" என்று கத்தினேன், கேட்கிற ஆளுக்குக் கத்துகிறமாதிரி. அவர் வலக்கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவர் கை, நல்ல கை, கதைக்கட்டும். மெல்ல விடுவித்து மறுபடி கீழே செருகிக்கொண்டார்.

அழுது முடித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். திரும்ப இடக்கை.

மத்தியானம் வரை இருந்தோம். பிடிபட்டது மூன்று நாலு சொல். மீன். நாளைக்கு. காஸ். மிச்சம் ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும் அவருக்கும். சோறு கருகி மணந்த பிறகுதான் எழும்பினோம்.