உடும்பு குறுக்கே வரவில்லை

ரெம்பியா
புதன்கிழமை

அன்பு மகள் தேவிஸ்ரீக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். அப்பாவின் முழங்காலையும் இப்போது அந்தச் சுகத்தில் சேர்த்துக்கொள்ளலாம், தையல் பிரித்தாகிவிட்டது, படி ஏறும்போது மட்டும் முகத்தைச் சுளிக்கிறார், நான் பார்த்தால் அதையும் செய்வதில்லை. நீ அங்கே பிறைப் பட்டணத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நேற்று நான் அனுப்பிய செய்தியைப் பார்த்துக் குழம்பியிருப்பாய். மோட்டார் சைக்கிளை விற்காதே, கைப்பிடியில் நான் கட்டிவிட்ட சிவப்புத் துணியை உடனே கழற்றிவிடு, காரணம் கடிதத்தில் என்று மூன்றே வரி. ஏம்மா, போன வாரம்தானே வித்துடு வித்துடுன்னு அழுதீங்க, இப்ப என்னாச்சு என்று நீ கேட்டாய், நான் பதில் போடவில்லை. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அப்பா விழுந்து ஐந்து வாரம் கழித்து வருகிற விளக்கம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படி.

அப்பா புது மோட்டார் எடுத்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் அலோர் காஜாவில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். எலுமிச்சம்பழம் இரண்டு சக்கரத்திலும் நன்றாக நசுங்கியது, எனக்கு மனசு நிறைந்துபோனது. பூக்கடையில் சொல்லிவைத்துப் பெரிதாகக் கட்டிய சாமந்தி மாலையை நான்தான் கைப்பிடியில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடலாமா என்று அப்பா கேட்டார். கூடாது, வேலைக்கும் மாலையோடுதான் போக வேண்டும், தானாக வாடி உதிரட்டும், நாமாகக் கழற்றினால் நல்லதில்லை என்றேன். அப்படி எங்கேயும் யாரும் சொல்லி வைக்கவில்லை தேவி, பயத்தில் நானே சேர்த்துக்கொண்டது. உன் மோட்டாருக்கு நாற்பத்தெட்டு நாள் துணி இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னதும் அதே மாதிரிதான். அன்று மதியம் குருபோங் தொழிற்சாலைக்குப் போகும் வழியில், எண்ணெய்க்குப் போட்ட செம்பனைத் தோட்டத்து வளைவில் அப்பா விழுந்தார். உடும்பு குறுக்க வந்துடுச்சு வேணி, பயப்படாத என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார். நான் நம்பினேன்.

நம்பியதோடு நின்றேனா. உனக்குத் தினமும் உடும்பு, பன்றி, குரங்கு என்று செய்தி அனுப்பினேன். பாலர் பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்புப் பாடமே உடும்பை வைத்துத்தான் நடத்தினேன், இப்போது எந்தப் படம் வரையச் சொன்னாலும் ஓரத்தில் ஓர் உடும்பு படுத்திருக்கிறது. அப்பாவும் விடவில்லை, முதல் நாள் முழங்கை நீளம் இருந்தது, பக்கத்து வீட்டு ஜெயா அக்கா வந்து கேட்டபோது பெஞ்சு நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அவருக்கே இப்படி என்றால் உனக்கு என்ன ஆகும் என்று, மோட்டாரை விற்றுவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸில் போ என்று உன்னைப் பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்து படிக்கப் போகிற சாயங்கால வகுப்புக்குப் பஸ் நேரம் ஒத்துவராது என்று நீ ஒரே ஒரு முறை சொன்னாய். அப்புறம், சரிம்மா, சனிக்கிழமை ஒருத்தர் வந்து பார்க்கிறார் என்றாய். நீ கோபப்பட்டுப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேற்றுப் பள்ளி முடிந்து அப்பாவுக்காக வாசலில் நின்றேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு எதிர்க் கடைக்குத் தண்ணீர் வாங்கப் போனார். பேரப்பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு பெரியவர் அந்த மோட்டாரையே உற்றுப் பார்த்தார். நல்லமுத்து என்று பெயர், செம்பனை லோரி ஓட்டுகிறார். மாலைக்கார தம்பி வூட்டுக்காரம்மாவா நீங்க என்றார். எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அப்பாவுக்குப் பின்னால் வந்தது அவருடைய லோரிதானாம். மாலை நழுவி முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டதாம், பூ கட்டிய நைலான் கயிறு அப்படியே சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டதாம், அவர்தான் இறங்கிக் கத்தியால் அறுத்தாராம். அவர் பிரேக் போட்ட வேகத்தில் லோரியிலிருந்து இரண்டு செம்பனைப் பழக்குலை உருண்டு அப்பா தலைமாட்டில் வந்து நின்றதாம். நல்ல வேளை நின்னுச்சு லா, இல்லாட்டி வேற மாலையே வாங்கியிருக்க வேணாம், அதையே போட்டிருக்கலாம் என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஐயய்யோ, வூட்டுல உடும்புன்னுதான் சொல்லணும்னு தம்பி அப்பவே சொன்னாரு, அவ கட்டுனதுன்னு தெரிஞ்சா சோறு எறங்காது அவளுக்குன்னாரு, நான் ஒரு மடையன் என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்பா தண்ணீர் போத்தலோடு வந்தார். யாரது என்றார். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர் என்றேன். வீடு வரைக்கும் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரியும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை, ஒரு நாள் சொல்வேன், இன்றைக்குத் தைரியமில்லை. உன்னிடம் மட்டும் மறைக்க முடியவில்லை, ஏனென்றால் அவருக்கு முழங்கால் போனதோடு முடிந்தது, உனக்கு உன் வகுப்பே போக இருந்தது. ரோட்டில் எது எதுவோ வரும் என்று ஊரையெல்லாம் பயமுறுத்தினேன், நான் கட்டியதை ஒரு தரம்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

ஆகவே அந்தத் துணியைக் கத்தரித்து எடு, சாமி கோவித்துக்கொள்ளாது. செம்பனை லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே, உதிர்ந்த பழம் சக்கரத்துக்குக் கோலிக்குண்டு மாதிரி. மழைச் சட்டை, துப்பட்டா எதையும் தொங்கவிடாதே. மழையில் பாலத்தடியில் ஒதுங்கினால் ரோட்டைவிட்டுத் தள்ளி நில். இவ்வளவு சொன்னாலும் எனக்குப் பயம் போய்விடவில்லை, போகவும் போகாது, அது என்னோடு இருக்கட்டும், அதை உன் கைப்பிடியில் இனிமேல் கட்டமாட்டேன். சனிக்கிழமை வருகிறவரிடம் எங்கம்மா வேண்டாம்னுட்டாங்க என்று சொல், ஒரு நிலையில்லாத அம்மா என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வகுப்புக்கு வழக்கம்போல மோட்டாரிலேயே போ.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்லபடியாக அமைந்து, முழு உடம்போடு அறைக்குத் திரும்ப அம்மாவின் ஆசீர்வாதமும், அவருக்கே தெரியாமல் அப்பாவின் ஆசீர்வாதமும். ஒன்றை மறக்காதே. நீ ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் அது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். எடுக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா
கமலவேணி கணேசமூர்த்தி