ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு ஜெபம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10 ஜூன் 2024

அன்புள்ள மருமகள் எலினாவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. என் அழைப்புகளை நீ எடுக்காததால் எழுதுகிறேன். கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது.

நேற்று ஆராதனையில் வாசிக்கப்பட்ட ஜெப விண்ணப்பச் சீட்டைப் பற்றி மெர்வின் என்னிடம் கத்தினான். என் மகன் கத்தி நான் கேட்டதில்லை. சீட்டை எழுதியவள் நான்தான். "ஒரு சகோதரியின் தேவைக்காக" என்று மொட்டையாக எழுத, கல்லூரியில் விலங்கியல் கற்பித்த எனக்குக் கை வரவில்லை. எத்தனை மருந்துக்கும் உன் கர்ப்பப்பையின் உட்படலம் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, குறைந்தது ஏழு ஆனால்தான் கருவை உள்ளே வைப்பார்கள் என்று உள்ளபடி எழுதினேன். உன் பெயரையும் எழுதினேன். விண்ணப்பங்களை வாசிக்கும் பரிபூரணம் அதை மைக்கில் எழுத்து விடாமல் வாசித்தாள். எழுந்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அது தவறு.

ஆனால் உட்படலம் மெலிவதற்கு இரத்த ஓட்டக் குறைவோ பழைய தழும்போ காரணமாக இருக்கும். நீ இத்தனை வெட்கப்படுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்படிக்கு,
ஞானரத்தினம்

இராஜபாளையம்
14 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு ஸ்தோத்திரம்.

மில் குடியிருப்புக் குழாயடியில் பாண்டிசெல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி எலினா, ஒனக்கு உள்ள சவ்வு ரொம்ப மெலிசாமே? எங்க அத்தை ஒங்க கோயில்ல கேட்டுட்டு வந்து சொன்னாவ. நாட்டுக்கோழி முட்டை தின்னு, தடிச்சிரும்" என்றாள். சிரித்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏன் வெட்கம் என்று கேட்டீர்கள். பழைய தழும்பு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கல்யாணத்துக்கு முன், உங்கள் கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்து அறிவித்த நாட்களிலேயே நான் உண்டாகியிருந்தேன். உங்களிடம் சொல்லிவிடலாம் என்றேன். "அம்மா நாக்குல விழுந்தா நாம எந்திரிக்கவே முடியாது" என்று அவர் அழுதார். போர்டுகூட இல்லாத ஓர் இடத்தில் சுரண்டி எடுத்தார்கள். பல நாள் காய்ச்சலில் கிடந்தேன். அந்தத் தழும்புதான் என்று இப்போது டாக்டர் சொல்கிறார்.

ஓலை வாசித்த அதே மைக்கில் இதையும் வாசித்தாகிவிட்டது. இனி எனக்காக ஜெபிக்க வேண்டாம்.

எலினா

ஸ்ரீவில்லிபுத்தூர்
24 ஜூன் 2024

எலினா,

உன் கடிதத்தை வாசித்ததும் எரித்துவிட்டேன். மெர்வினிடம் எதையும் கேட்கவில்லை; கேட்கவும் மாட்டேன்.

வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் கல்லூரிப் பெண்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. என் வீட்டுப் பிள்ளைகள் இருவர், என்னிடம் வரப் பயந்து, போர்டு இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பெருமையை இனி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நேற்று ஒரு சீட்டுக் கொடுத்தேன். உன் பெயர் அதில் இல்லை. "சகோதரி ஞானரத்தினத்தின் நாவுக்காக" என்பதே விண்ணப்பம். ஆராதனை முடிந்ததும் பரிபூரணம் ஓடி வந்தாள்.

"என்னக்கா, நாக்குல புண்ணா? டாக்டர்ட்ட காட்டுனியளா?"

"புண்ணு எனக்கில்லட்டி. என் பேச்சைக் கேட்டவங்களுக்கு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த ஸ்கேனுக்கு நீ அனுமதித்தால் வருகிறேன். வெளியே பெஞ்சில் இருப்பேன். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க மாட்டேன். வேண்டாமென்றால், பதில் எழுதும் சிரமம்கூட உனக்கு வேண்டாம்.

அத்தை

இராஜபாளையம்
1 ஜூலை 2024

அத்தைக்கு,

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கேன். அந்தப் பெஞ்சில் வெயில் அடிக்கும். குடை கொண்டு வாருங்கள்.

எலினா