தலைச்செப்பும் தொட்டிலின் இடப்பக்கமும்

நீர் வற்றாது ஓடுக. நெல் சாயாது விளைக. குழவிகள் நோயின்றி வளர்க.

குன்றக்கோட்டு நாட்டின் கோமானும், மலைக் கணவாய்களைத் தம் வேலால் காப்பவரும், தேனும் மிளகும் கேட்டவர்க்குக் கேட்டபடி அளக்கும் வள்ளலும், எம் அரசியாருக்கு ஒரே அண்ணனும், எம் இளவரசனுக்கு ஒரே தாய்மாமனுமாகிய வல்லேறனார் திருமுன்பு, நீர்மருங்கு நாட்டு ஓலைநாயகன் நக்கன் வேள் வணங்கி வரைந்தது. தங்கள் மலைகளில் மழை பருவம் தவறாது பொழிக. தங்கள் கோட்டைக் கதவு விருந்துக்குத் திறந்தும் பகைக்கு அடைத்தும் நிற்க. இங்கே அரசர் பெருநற்சேந்தனார் நலம். அரசி அல்லியங்கோதையார் நலம். இளவரசன் இளஞ்சேந்தன் பால் குடித்து, கால் உதைத்து, அருகே வந்தவரையெல்லாம் தன் ஏவலராக்கிக்கொண்டு நலமே வளர்கிறான். ஒரு வேண்டுகோள்: இவ்வோலையைத் தாங்கள் தனித்திருந்து படித்தருள வேண்டும். இதில் எம் அரசரின் தலையைக் குறித்து ஒரு செய்தி உண்டு. அது அவையேறத் தக்கதன்று.

இளவரசனின் பின்தலை வலப்பக்கம் சற்றே தட்டையாயிருப்பதை அரசியார் முன்பு தங்களுக்கு எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியாகத் தாங்கள் விடுத்த தலைச்செப்பு பழுதின்றி வந்து சேர்ந்தது. இலேசான முருக்க மரத்தைக் கடைந்து, உள்ளே இலவம்பஞ்சு பரப்பிப் பட்டு தைத்து, காதுக்கு இடம் விட்டு, தாடைக்கு நாடாவும் வைத்துச் செய்த அந்தக் கைத்திறனைக் கண்டு எம் தச்சர் வியந்தனர். தட்டைத் தலை உருண்டு வரும்படி குழந்தைக்கு அதனை அணிவித்து வளர்ப்பது தங்கள் நாட்டு வழக்கம் என்பதும், தாங்களே மழலைப் பருவத்தில் அதனை அணிந்தவர் என்பதும் நாங்கள் அறிந்தவை. ஆயினும் செப்பைச் சுமந்து வந்த தூதர், மருமகன் இதனை அணியாவிடில் தங்கை பிறந்த வீட்டை மறந்தாள் என்றே கொள்வேன் எனத் தாங்கள் உரைத்ததாகவும் சேர்த்துச் சொன்னார். அதைக் கேட்டதும் அரசியார் முகம் சுருங்கிவிட்டது.

அரசரோ செப்பின் பக்கமே நின்றார். வரும் அறுவடை விழாவில் மூதாதையர் மணிமுடியைப் பிள்ளையின் தலைமேல் ஒரு கணம் வைத்து மக்களுக்குக் காட்டுவது இந்நாட்டு முறை. அன்று முடி ஒரு பக்கம் சாய்ந்தால் ஊர் வாய் சும்மா இராது என்பதும், சப்பைத்தலைச் சேந்தன் என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் ஆயுளுக்கும் போகாது என்பதும் அவர் கவலை. தந்தையின் கவலையை யார் குறை சொல்ல முடியும்?

அரசியார் தம் கையாலேயே செப்பை அணிவித்துப் பார்த்தார். தங்கள் மலைக் குளிர் வேறு, எங்கள் ஆற்றங்கரைப் புழுக்கம் வேறு. பட்டுக்குள் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. அணைத்தபோது மரம் தாயின் மார்பில் இடித்தது. அவன் அவரை அண்ணாந்து பார்த்து, இது என்ன புது வம்பு என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான். நாடாவை அவிழ்த்துவிட்டு அரசியார் அழுதார். அணிவித்தால் பெற்ற தாயே தேவையில்லாத துன்பத்தைப் பிள்ளையின் தலையில் கட்டியதாகும். அணிவிக்காவிட்டால், எலும்பு இளகியிருக்கும் இந்தச் சிறு காலம் கைநழுவிப் போய், நாளை மகன் வளர்ந்து, அன்றைக்கே ஏன் செய்யவில்லை அம்மா என்று கேட்பான். எதைச் செய்தாலும் அது தம்மேல்தான் விழும் என்றார் அவர்.

ஆனால் அழுது ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருத்துவர் தாமக்கண்ணனாரை அழைத்தார். அவர் பிள்ளையை மடியில் கிடத்தி, உச்சிக்குழியைத் தொட்டு, எலும்புப் பொருத்துகளைத் தடவி, இரு காதுகளையும் மேலிருந்து நோக்கி, கழுத்து இருபுறமும் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்தார். தட்டை மிகச் சிறிது, காது இடம் பெயரவில்லை, கழுத்தில் பிடிப்பில்லை, உள்ளே வளரும் மூளைக்கு இதனால் கேடில்லை என்றார். கிடக்கும் பக்கத்தை மாற்றினாலே பெரும்பாலும் உருண்டுவிடும் என்றும், மாற்றியும் தட்டை மிகுந்தால் தாமே செப்பை அணிவிக்கச் சொல்வதாகவும் ஒளிவுமறைவின்றி உரைத்தார். உறங்கும்போது மல்லாந்தே கிடத்த வேண்டும். விழித்திருக்கையில், ஒருவர் கண்ணெதிரே, குப்புறக் கிடத்தி விளையாட விடலாம் என்பதும் அவர் சொன்னது.

மற்றவராயின் அத்துடன் மனம் தேறியிருப்பர். எம் அரசியார் அடுத்த கேள்விக்குப் போனார். கழுத்தில் குறையில்லையெனில் பிள்ளை ஏன் எப்போதும் வலப்பக்கமே திரும்பிக் கிடக்கிறான்? இதைக் கேட்டுவிட்டுத் தொட்டிலின் தலைமாட்டில் அமர்ந்து, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவிலி வலப்பக்கம் வந்தாள். விளக்கு வலப்பக்கம் இருந்தது. கிலுகிலுப்பை ஆட்டியவர், கிளிக்கூண்டைத் தூக்கி வந்தவர், கொஞ்ச வந்த அரசர் எல்லோரும் வலப்பக்கமே நின்றனர். ஏனெனில் இந்நாட்டில் இளவரசுத் தொட்டிலின் இடப்பக்கம் மறைந்த முன்னோர்க்கு உரியது. உயிரோடிருப்பவர் அங்கே நிற்பதில்லை. பார்க்க ஒன்றுமே இல்லாத பக்கம் ஒரு குழந்தை ஏன் திரும்பப் போகிறது?

எத்தனையோ தலைமுறையாய் இத்தொட்டிலைச் சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் தோன்றாதது, வேற்று நாட்டிலிருந்து வாழ வந்த பெண்ணுக்குத் தோன்றியது. அந்த வியப்பு எமக்கு இன்னும் அடங்கவில்லை.

அரசியார் எழுந்து நேரே இடப்பக்கம் போய் நின்றார். செவிலி அலறினாள். மரபு காக்கும் மூத்தோர் ஓடி வந்து, முன்னோர் இடத்தை மிதித்தது பெரும் பிழை என்று மூச்சு வாங்கினர். அரசியார் குரலை உயர்த்தவில்லை. முன்னோர் இப்பக்கம் நிற்பது உண்மையானால் அவர்கள் வந்தது பேரன் முகத்தைப் பார்க்கத்தானே என்று கேட்டார். பிறந்தது முதல் இவன் அவர்களுக்கு முகத்தைக் காட்டவேயில்லை, பிடரியைத்தான் காட்டியிருக்கிறான். அவர்கள் பக்கம் திரும்பு என்று இவனுக்கு யாராவது சொல்ல வேண்டாமா என்றும் கேட்டார். மூத்தோர் வந்த வழியே திரும்பினர்.

இனித் தனித்திருந்து படிக்க வேண்டிய செய்தி. முடி சாயுமே என்று அரசர் மீண்டும் பேச்செடுத்தபோது, அரசியார் அவரைக் குனியச் சொல்லி, தலைமயிரை விலக்கிப் பின்தலையைத் தடவினார். பிறகு அரசரின் கையையே எடுத்து அவ்விடத்தில் வைத்தார். வலப்பக்கம், சற்றே தட்டை! அரசர் மாறி மாறித் தடவிப் பார்த்தார். அவரும் அத்தொட்டிலில் கிடந்தவர்தானே, அவர் தந்தையும் அப்படித்தானே. முடிக்கு உள்ளே நீங்கள் துணி மடித்து வைத்துக்கொள்வதை நான் அறியேனா என்றும், அதனால் ஆட்சி சாய்ந்துவிட்டதா என்றும் அரசியார் கேட்டார். அரசர் முதலில் சினந்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தாம் சுமந்த தலையை மகனும் சுமக்கட்டும், பிள்ளையைப் புழுக்கத்தில் வேகவைக்க வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

ஆகவே செப்பை இப்போது அணிவிப்பதில்லை என்று முடிவாயிற்று. அதனைப் பெட்டியில் பூட்டவும் இல்லை. மருத்துவர் வேண்டும் என்றால் அந்த நொடியே எடுக்கத் தொட்டிலறையிலேயே வைத்திருக்கிறோம். பிள்ளையின் தலை முன்னைக்கு இப்போது ஓரளவு உருண்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். முழுதும் உருளவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அரசியாரைத் தவிர வேறெவரும் இன்னும் இடப்பக்கம் நிற்கத் துணியவில்லை. ஆணையிட்டால் வருகின்றனர், வந்ததும் பிள்ளையைப் பாராமல் தரையைப் பார்க்கின்றனர். அரசரே இருமுறை முயன்று வலப்பக்கம் திரும்பிவிட்டார். நாள் முழுதும் ஒரு பக்கமே நின்று அரசியாருக்குக் கால் கடுக்கிறது.

இதன்பின் வருவன அரசியாரின் வாய்மொழி. ஓலைக்குரிய நடையில் திருத்தித் தர அடியேன் மன்றாடியும் அவர் இணங்கவில்லை. ஒரு சொல்லும் மாறக் கூடாதென எதிரே அமர்ந்திருக்கிறார்.

"அண்ணா, நீங்க அனுப்பினதை நான் தள்ளி வைக்கலே. பிறந்த வீட்டை மறக்கவும் இல்லை. மறந்திருந்தா என் பிள்ளையோட தலை கொஞ்சம் சப்பைன்னு முதல்ல உங்களுக்கா எழுதியிருப்பேன்? இங்கே இருக்கிறவங்க எல்லாரும் நல்லவங்கதான், ஆனா அந்தப் பக்கம் நிக்கப் பயப்படறாங்க. உங்களுக்கு அந்தப் பயம் கிடையாது, நீங்க இந்த ஊர்க்காரர் இல்லே. பிள்ளை பிறந்து இத்தனை நாளாச்சு, இன்னும் நீங்க அவன் முகத்தைப் பார்க்கலே. செப்பை மட்டும் அனுப்பினா எப்படி? நீங்க வந்து இடப்பக்கம் நின்னு ஒரு தடவை கூப்பிடுங்க. அவன் திரும்புவான்."

வாய்மொழி முற்றிற்று. ஓலை மீன் முத்திரை இட்டு மூடப்பெற்றது. எழுதியவன் நக்கன் வேள், கேட்டிருந்தவர் அரசர். ஒரு நாட்டு வேந்தருக்கு மற்றொரு நாட்டு அரசி ஆணையிடும் வழக்கம் எங்கும் இல்லை. அண்ணனுக்குத் தங்கை இடும் ஆணையோ எந்த நாட்டிலும் செல்லும் என்று அரசியார் சொல்கிறார். அவ்வாணை வருமாறு: ஓலை கண்டதும் குதிரை பூட்டுக, புறப்பட்டு வருக.