படிக்காமல் தாண்டிய வரி

ஆகஸ்ட் 3, 1982, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. வேங்கிக்கால் நிலத்தில் வேர்க்கடலைச் செடி முழுக்கப் புழு. இலையெல்லாம் சல்லடை. போன வருடம் பூச்சிமருந்து அடித்து அப்பா வரப்பிலேயே மயங்கி விழுந்தார். இன்னொரு முறை தொட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். அதனால் வேப்பங்கொட்டைச் சாறு. விவசாய ஆபீசில் கொடுத்த நோட்டீஸை நான்தான் வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

அதில் ஒரு வரி: ‘புழு உடனே சாகாது. முதலில் தின்பதை நிறுத்தும். சாக நாலைந்து நாள் ஆகும்.’ அதை மட்டும் வாசிக்கவில்லை. அதைக் கேட்டால் அப்பா நேராகப் பூச்சிமருந்துக் கடைக்குப் போய்விடுவார்.

ஆக. 4, புதன்

கொட்டை உடைத்துப் பருப்பு இடித்தோம். துணியில் கட்டி ஊறப் போட்டாயிற்று. கை கழுவியும் தயிர்சோறு கசந்தது. அல்ஜீப்ரா இரண்டு கணக்கு பாக்கி.

அம்மா: “இதுக்கெல்லாம் ஸ்கூல்ல மார்க் போடுவாங்களா?”
அப்பா: “நான் போடறேன். நூத்துக்கு நூறு.”

ஆக. 5, வியாழன்

சாயங்காலம் தெளித்தோம். ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். முதுகிலிருந்து தெளிக்கும் பம்பை இறக்கிவிட்டு அப்பா, “தலையே சுத்தல பாரு” என்றார். சந்தோஷம்.

ஆக. 7, சனி

காலையில் அப்பா நிலத்திலிருந்து வந்தார். “ஒண்ணு கூட சாவல கண்ணு. எல்லாம் நெளிஞ்சினு கெடக்குது.” சொல்லியிருக்க வேண்டும். பூகோளப் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. வந்து சொல்லலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மதியம் வீடு பூட்டு. பக்கத்து வீட்டு அக்கா: “உங்கப்பா மறுபடியும் அந்த மருந்த அடிச்சிட்டாரும்மா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காங்க.”

ஆக. 9, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவுக்கு நினைவு வருகிறது, போகிறது. அம்மா சாப்பிடவில்லை.

நிலத்துக்குப் போய் வந்தேன். அப்பா பாதியில் விழுந்ததால் கிழக்கே நாலு பாத்தியில் மருந்து படவில்லை. வேப்பஞ்சாறு மட்டும்தான். அங்கேயும் புழுக்கள் கறுத்துச் சுருங்கி இலையில் தொங்கின. புதுக் கொழுந்தில் ஓர் ஓட்டை இல்லை. வரப்பில் அப்பாவின் ஒரு செருப்பு.

ஆக. 10, செவ்வாய்

அப்பா பேசினார். குரல் இல்லை, காற்றுதான். பக்கத்துக் கட்டில்காரரிடம், “எம்பொண்ணு எல்லாத்தையும் சரியாத்தாங்க படிச்சு சொன்னா. கொட்டை பழசு, அதான் புழு சாவல. பொறுக்கனது நான். தப்பு எம்மேலதான்.”

என் பக்கம் திரும்பி, “இல்லியாம்மா?”

ஆமாம்ப்பா என்றேன்.