குதிரை வாகனத்துக்கு இரண்டாம் பூச்சு

யூன் 24, செவ்வாய்

சோளகக் காற்று அடிக்கிறது. வீடு முழுக்கப் புழுதி. காலை இடியப்பம், சொதியில் உப்பு இல்லை.

கோயிலில் குதிரை வாகனத்தை வெளியே இறக்கி வைத்தாயிற்று. தோளில் காவும் தடிகள் இரண்டிலும் வண்டு. ஊசி குத்தினது போலத் துளைகள், கீழே அரிசிமா மாதிரித் தூள். ஒரு தடியில் மட்டும் நாற்பத்தொரு துளை எண்ணினேன். வேட்டைத் திருவிழாவுக்கு இன்னும் பதினாலு நாள். நடுவீதியில் தடி முறிந்து சாமி சரிந்தால் கோயில் சபைச் செயலாளரான நான் ஊரில் தலைகாட்ட முடியாது.

தச்சுவேலைத் தவராசா மருந்தோடு வந்தார். வாளிக்குள் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன்.

"உது என்ன மருந்து?"

"வெண்காரமும் போறிக் அசிட்டும் ஐயா. சுடுதண்ணியிலை கரைச்சது. மரம் உறிஞ்சிப்போடும். தின்னுற வண்டு சாகும்."

விரலைத் தோய்த்து மணந்து பார்த்தேன். மணம் இல்லை. நிறம் இல்லை. முப்பத்திரண்டு வருடம் மின்சாரக் கந்தோரில் வேலை பார்த்தவன் நான். எங்கள் மர லைற் போஸ்ற்றுகளுக்கு அடித்த கறுப்பு ஒயில் நாலு வளவு தள்ளியும் மணக்கும். மருந்து என்றால் அது மருந்து. மீற்றரில் களவு செய்தவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! அவர்களும் இப்படித்தான், கேட்டதற்கெல்லாம் ஆற அமரப் பதில் சொல்வார்கள்.

யூன் 26, வியாழன்

பாலில் தண்ணீர். பால்காரர் இல்லை என்கிறார். மாடு குடித்ததாம்.

கோயிலுக்குப் போய்த் தடிகளைத் தட்டிப் பார்த்தேன். திரும்பவும் தூள்! நேற்றுக் கூட்டித் துடைத்த இடம். நினைத்தது சரி, வாளிக்குள் இருந்தது வெறும் தண்ணீர். உடனே தவராசாவுக்குப் போன்.

"அது முந்தியே உள்ளுக்கை கிடந்த தூள் ஐயா. தட்டினால் கொட்டும்தானே. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ."

பொறுக்கட்டாம். திருவிழா முடியும் வரைக்கும் பொறுத்தால் அவருக்கு நல்லதுதான்.

மனைவியிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஆரிலைதான் சந்தேகம் இல்லை?" என்றாள். யோசித்தேன். பால் செம்பை எடுத்து இன்னொருக்கால் மணந்து பார்த்தேன்.

யூன் 28, சனி

ஓய்வு பெற்று வந்தபோது என்னோடு வந்த அரை டின் போஸ்ற் ஒயில், பழைய மாட்டுக்கொட்டிலின் பின்னால். பதினொரு வருடமாகியும் அப்படியே.

எடுத்தவை: தூரிகை, பழைய சாரத் துணி, றப்பர் கையுறை (கையில் பட்டால் எரியும்), மண்ணெண்ணெய்ப் போத்தல்.

மத்தியானம் நடை சாத்தினபின் போனேன். தடிகள் வாகன அறைக்குள், பூட்டின் திறப்பு என்னிடம். இரண்டு தடிக்கும் நன்றாகப் பிடிக்கப் பூசினேன். துளைகளுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டேன். மரம் கருங்காலி மாதிரி ஆகிவிட்டது. பி.ப. 3க்கு வீடு. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தவராசா ரோசப்படுவார், சபைத் தலைவர் ஞாயம் கதைப்பார். காரியம் முடிந்தது, அவ்வளவுதான். பெரிய நிம்மதி.

யூலை 8, செவ்வாய்

வேட்டைத் திருவிழா. நாலு மணிக்கும் வெயில் கொளுத்தியது.

குதிரை நல்ல வடிவு. பதினாறு பெடியள் காவினார்கள். மேலில் ஒன்றும் இல்லை, இடுப்பில் வேட்டியும் சால்வையும். வலப்பக்கம் முன்னுக்கு எங்கள் மகன் குமரன். முன்னுக்கு நில் என்று நான்தான் பிடித்து விட்டேன். இருபத்தாறு வயது, தோளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. சந்தியில் குதிரையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். தடி கிறுக்கென்றும் சத்தம் போடவில்லை.

"என்ன மணம் அண்ணை இது?" என்று தலைவர் மூக்கைச் சுளித்தார்.

"மருந்து வேலை செய்யுது," என்றேன். சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

யூலை 9, புதன்

குமரன் குப்புறப் படுத்திருக்கிறான். வலத்தோள் சிவந்து, கழுத்து வரைக்கும் கொப்புளம். காற்றுப் பட்டாலும் எரிகிறதாம். காவினவர்களில் பதினொரு பேருக்கு இதே கதை. சாவகச்சேரி ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"தோளிலை என்ன பட்டது?" டொக்டர் பெண்பிள்ளை கேட்டா.

"வாகனத் தடிக்கு ஏதோ மருந்து பூசினது," என்றான் குமரன்.

நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் போகக்கூடாதாம், களிம்பு தந்தா.

கையுறை போட்டுப் பூசினவன் நான். தோள் ஞாபகம் வரவில்லை. போஸ்ற்றை ஒருத்தரும் வெறும் மேலோடு தோளில் காவுவதில்லையே. மடையன்.

காலையில் ஊர்க்கதை: "ஆரோ மச்சம் மாமிசம் திண்டுட்டுச் சாமி காவியிருக்கினம்." பின்னேரம் அது மாறிவிட்டது: "உவன் தவராசா கண்ட கண்ட அசிட்டைப் பூசிப்போட்டான்." இரண்டாவது கதையைக் கேட்டதும் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

யூலை 11, வெள்ளி

களிம்பு பூசி விட்டேன். "மெல்ல அப்பா" என்கிறான்.

தலைவர் வந்தார். தவராசாவுக்குக் கடிதம் எழுதட்டாம். இனிக் கோயில் வேலை ஒன்றும் இல்லை, புதுச் சப்பறத் தேர் வேலையும் இல்லை. பிரதிகள் மற்றக் கோயில்களுக்கும். அந்தாளுக்குக் கோயில் வேலைதான் வாழ்வு. மூன்று கோயிலின் கதவுகள் அவர் கைவேலை. கடிதம் போனால் அவருடைய பெயர் அதோடு சரி.

எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். அடியில் ஒப்பம் வைக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. மனைவி என்ன வருத்தம் என்று கேட்டாள். வாயு என்றேன்.

யூலை 13, ஞாயிறு

சபைக் கூட்டம், மு.ப. 10. ஒன்பது பேர். தவராசாவை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

எழும்பினேன். சொல்லிவிட்டேன்: அவர் பூசினது வெண்காரம், அதற்கு மேலே போஸ்ற் ஒயில் பூசினது நான், அவரில் பிழை இல்லை.

தலைவர் சிரித்தார்.

"அண்ணை, அந்தாளைக் காப்பாத்த நீங்கள் ஏன் பழியைத் தலையிலை போடுறியள்?"

"மெய்யாத்தான் சொல்லுறன். நான்தான் பூசினனான்."

"உங்கடை பெடியன்ரை தோளும்தானே வெந்தது? தெரிஞ்சுகொண்டு சொந்தப் பிள்ளைக்குச் செய்வியளே?" என்றார் பொருளாளர். எல்லாரும் தலையாட்டினார்கள். "அண்ணைக்கு இளகின மனசு," என்று ஒரு குரல். என்னை அப்படி ஒருத்தரும் வாழ்க்கையில் சொன்னதில்லை.

டின்னைக் கொண்டு வந்து காட்டட்டோ என்றேன். வீட்டுக்கு வீடு டின் கிடக்குது, இருங்கோ என்றார்கள். தீர்மானம் என்னைத் தவிர ஏகமனது. நான் ஒப்பம் வைக்க மறுத்தேன். தலைவரே வைத்து, அப்போதே ஒரு பெடியனிடம் மோட்டார் சைக்கிளில் கொடுத்தனுப்பினார்.

நேரே சைக்கிளில் தவராசா வீட்டுக்கு. கதவுநிலை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். கடிதம் எனக்கு முந்தியே வந்துவிட்டது, பலகையில் ஆணிப்பெட்டிக்குக் கீழே. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். சபையில் சொன்னதையும், அவர்கள் சிரித்ததையும்.

"குமரன் தம்பியின்ரை தோள் இப்ப எப்பிடி?" என்றார்.

"காயுது."

"தேங்காயெண்ணெய் வைக்கச் சொல்லுங்கோ." இரண்டு இழைப்பு இழைத்தார். "எனக்குத் தெரியும் ஐயா. வேட்டை அண்டைக்குத் தூர நிண்டு மணந்த உடனையே தெரியும். என்ரை மருந்துக்கு மணம் இல்லை. அது லைற் போஸ்ற் மணம். இந்த ஊரிலை அது ஆரிட்டை இருக்கும்?"

"அப்ப ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் சொல்லியே நம்பேல்லை. நான் சொல்லியோ நம்பப் போகினம்?"